இந்த வருஷம் அஞ்சு யாருக்கு?

என் எழுத்தைப் பாராட்டி வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மெயில் வந்தது. அனுப்பியது எந்தப் பத்திரிகை ஆசிரியரும் இல்லை. அவர்கள் என் கதைகளைப் பிரித்தாவது பார்த்தார்களா என்பதற்கே இதுவரை சான்று கிடைக்கவில்லை. அனுப்பியவர் எங்கள் கம்பெனியின் ஹெச்.ஆர். நிஷா.

‘அன்புள்ள கே.பி., டில்லிபாபுவைப் பற்றி நீங்கள் எழுதிய மதிப்பீட்டைப் படித்தேன். ஓர் ஊழியரின் குறைகளை இவ்வளவு தெளிவாக, இவ்வளவு சான்றுகளோடு, அவர் மனம் நோகாமல் எழுத முடியும் என்று இன்றுதான் கண்டேன். பெயரை எடுத்துவிட்டு, நம் கம்பெனியின் எல்லா மேனேஜர்களுக்கும் மாதிரியாக அனுப்பியிருக்கிறோம்.’

திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். எழுத்தாளன் முகம்தான், சந்தேகமே இல்லை. கோதண்டபாணி என்ற பெயரைக் கம்பெனி கே.பி. என்று நறுக்கிவிட்டதில் முகத்துக்குக் கூடுதலாக ஒரு களை வந்திருந்தது. ஒரே ஒரு சங்கடம். அந்த மதிப்பீட்டில் டில்லிபாபு என்ற பெயரைத் தவிர வேறு எதுவும் உண்மை இல்லை. இப்போது அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார்கள்.

விளக்கிவிடுகிறேன். எங்கள் கம்பெனி பெரியது. அடையாறு முடிந்து ஓ.எம்.ஆர். தொடங்கும் இடத்தில் கண்ணாடி கண்ணாடியாக நிற்கிறது. உள்ளே எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறோம் என்பது கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போதுதான் உறைக்கும். அந்தக் கூட்டத்தில் என் டீம் ஒரு கைப்பிடி. ஃபராஸ், ஸ்வர்ணலதா, டில்லிபாபு, மேய்ப்பதற்கு நான். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஒரு மளிகைக் கடையின் தள்ளுபடிக் கூப்பன்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. நாங்கள் கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஒஹாயோவில் தயிர் விலை ஏறிவிடும்.

வருடா வருடம் மார்ச்சில் மேனேஜர்கள் தங்கள் ஆட்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போட வேண்டும். ஒன்று என்றால் தெய்வம். ஐந்து என்றால் தேறாத கேஸ். டீமில் எத்தனை பேர் இருந்தாலும் ஒருவருக்காவது ஐந்து போட்டே ஆகவேண்டும் என்பது சட்டம். எல்லாரும் நன்றாக வேலை செய்தால் என்ன செய்வது என்று ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டேன். “அதுக்குப் புள்ளியியல்ல இடமில்லை” என்று பதில் வந்தது. உட்கார்ந்துகொண்டேன்.

எனக்கு ஓர் ஆளைக் கூப்பிட்டு ‘நீ மோசம்’ என்று சொல்ல வராது. ஆட்டோக்காரர் அநியாயமாகக் கேட்டாலே, பாவம், வீட்டில் என்ன கஷ்டமோ என்று கொடுத்துவிட்டு இறங்குகிறவன். ஆகவே முதல் வருடம் மூன்று பேரையும் கஸ்தூரிபா நகரில் நாங்கள் வழக்கமாகப் போகும் டீக்கடைக்கு அழைத்துப்போய், உண்மையைச் சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். டில்லிபாபுதான் வழி சொன்னான்.

“இதுக்குப் போயி ஏன் சார் மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற? எங்கம்மா ஏரியாவுல சீட்டு புடிக்குது இல்ல, அது மாரி வெச்சிக்கலாம். இந்த வருசம் ஒருத்தரு அஞ்சு எடுக்கட்டும், அடுத்த வருசம் இன்னொருத்தரு. முறை வெச்சி எட்த்தா யாருக்கும் மனசு நோவாது.”

“சும்மா யாருப்பா எடுப்பா? எடுக்கிறவங்களுக்கு என்ன லாபம்?” என்றாள் ஸ்வர்ணலதா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை வைத்த குடும்பம். லாபம் என்னவென்று தெரியாமல் அவள் கொட்டாவிகூட விடமாட்டாள்.

அந்த பெஞ்சிலேயே சட்டம் இயற்றினோம். ஐந்து எடுப்பவருக்கு அந்த வருடம் முழுக்க ராத்திரி டியூட்டி கிடையாது. ஒஹாயோ பற்றி எரிந்தாலும் மற்றவர்கள்தான் அணைக்க வேண்டும். லீவ் நாட்களை முதலில் தேர்ந்தெடுப்பது அவர். ஜன்னலோர சீட் அவருக்கு. எண் போட்டு முடித்த மாலை பட்டினப்பாக்கத்தில் எல்லாருக்கும் மீன் வறுவல், தலை மட்டும் அவர் தட்டுக்கு. கல்யாணம், வீட்டுக் கடன், விசா, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் முறை ஒரு வருடம் தள்ளிப்போகும்.

ஒரு வருடம் ஃபராஸ் எடுத்தான். அடுத்த வருடம் ஸ்வர்ணலதா. இன்க்ரிமென்ட் போனதே தவிர வேறு சேதாரம் இல்லை. ஐந்து போட்டால் காரணம் எழுத வேண்டும், அது என் பாடு. வருடத்துக்கு ஒரு தடவை, கம்பெனிச் செலவில், ஏ.சி. அறையில் உட்கார்ந்து கதை எழுத ஒருவனுக்கு வாய்ப்புக் கிடைத்தால் அவன் என்ன செய்வான்? புகுந்து விளையாடினேன்.

இந்த வருடம் பிப்ரவரியில் மறுபடி டீக்கடை. ஃபராஸுக்கு ஜூனில் நிக்காஹ், பெண் பெயர் ஜுவேரியா. எனவே அவனுக்கு விலக்கு. டில்லிபாபு அதுவரை ஒருமுறைகூட எடுத்ததில்லை.

“நான் எட்த்துக்கறேன் சார். பாப்பா பொறந்ததுலேர்ந்து ராத்திரில அது ஒரு பக்கம் அழுவுது, ஒஹாயோ ஒரு பக்கம் அழுவுது. எனுக்கு ஒண்ணு போதும்.”

“மச்சி, இன்க்ரிமென்ட் கட் ஆகும், யோசிச்சுக்கோ” என்றான் ஃபராஸ்.

“போன வருசம் வந்த இன்க்ரிமென்ட்ல நான் இன்னா ஈ.சி.ஆர்.ல பங்களாவா கட்டிக்கினேன்?” டீயை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். “ஆனா ஒண்ணு கவனிச்சியா மச்சி? எங்கம்மா புடிக்கிற சீட்டுல மொத சீட்டு அதோடது. நம்ம சார் புடிக்கிற சீட்டுல சார் பேரே கெடையாது.”

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

ஐந்து உறுதியானதும் எழுத உட்கார்ந்தேன். நவம்பரில் ஒரு மாலை கூப்பன் சர்வர் படுத்துவிட்டது. டில்லிபாபு அப்போது பெரும்பாக்கம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த ஒரு பூக்காரம்மாவிடம் கெஞ்சி, அவர் கூடையின் மேல் லேப்டாப்பை வைத்து, வண்டி துரைப்பாக்கம் தாண்டுவதற்குள் சர்வரை எழுப்பிவிட்டான். ‘முடிஞ்சுது சார், லேப்டாப்ல மல்லிப்பூ வாசன’ என்று பிறகு மெசேஜ் அனுப்பினான். நான் இந்த நிகழ்ச்சியில் பஸ், கூடை, மல்லிப்பூ, வெற்றி ஆகியவற்றை நீக்கினேன். ‘நவம்பரில் நேர்ந்த நெருக்கடியின்போது மேலிடத்துக்கு உரிய நேரத்தில் தகவல் தெரிவிக்கத் தவறினார்’ என்ற ஒரு வரி மிஞ்சியது. அந்த வரியை நடுவில் வைத்து, மேலும் கீழும் இரண்டு பத்தி வருத்தம் தோய்ந்த உரைநடை. முடித்தபோது எனக்கே டில்லிபாபு மேல் லேசாகக் கோபம் வந்தது.

அதைத்தான் நிஷா ஊருக்கெல்லாம் அனுப்பினார்.

பாராட்டு வந்த அடுத்த வாரம் அமெரிக்காவிலிருந்து பெரியவர் ஒருவர் திரையில் தோன்றினார். கம்பெனி முன்பைவிட வலுவாக இருக்கிறது என்றார். அதனால் சீரமைப்பு தேவைப்படுகிறது என்றார். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஏதோ விட்டுப்போன மாதிரி எங்களுக்குத் தோன்றியது. விட்டுப்போனது பத்து நிமிடத்தில் மெயிலாக வந்தது. இந்த வருடம் ஐந்து வாங்கிய அனைவரும் இரண்டு மாத நோட்டீஸில் விடுவிக்கப்படுவார்கள். எண்களில் திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் செய்துகொள்ளலாம்.

டில்லிபாபு ஜன்னலோர சீட்டில் முறுக்கு தின்றுகொண்டிருந்தான். படித்தான். மீதி முறுக்கைப் பொட்டலத்துக்குள் திரும்ப வைத்தான்.

“ராத்திரி டியூட்டி கெடையாதுன்னுதான சார் சொன்னீங்க? பகல் டியூட்டியும் கெடையாதா?”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து பான்ட்ரிக்குப் போனான். சமாதானம் சொல்லலாம் என்று பின்னாலேயே போனவன், அவன் போனில் பேசுவதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“ஒண்ணும் இல்லம்மா, சொம்மாதான் பண்ணேன். பாப்பா இன்னா பண்ணுது? தூங்குதா? சரி, தூங்கட்டும்.”

அடையாற்றங்கரையில் இருந்த டில்லிபாபுவின் வீட்டை இடித்துவிட்டு, அரசாங்கம் அவன் குடும்பத்தைப் பெரும்பாக்கத்தில் ஒரு குடியிருப்பின் ஏழாவது மாடிக்கு அனுப்பியிருந்தது. அம்மா வேலைபார்த்த வீடுகளும், அப்பா பெயின்ட் அடித்த தெருக்களும் இங்கேயே நின்றுவிட்டன. அந்த வீட்டில் மாதாமாதம் தவறாமல் வருவது டில்லிபாபுவின் சம்பளம் மட்டும். என் இலக்கியம் அதில் கைவைத்திருந்தது.

நிஷாவைப் பார்க்கப் போனேன். எங்கள் அலுவலகத்தில் மீட்டிங் ரூம்களுக்கெல்லாம் நதிகளின் பெயர். காவிரியும் வைகையும் நிரம்பியிருந்ததால் ‘அடையாறு’ கிடைத்தது. இருப்பதிலேயே சிறிய அறை, ஜன்னல் கிடையாது.

“கே.பி., உங்க ரிவ்யூவைப் படிச்சு பெங்களூர் டீம்ல ஒருத்தங்க கண் கலங்கிட்டாங்க தெரியுமா?”

“அது பொய்ங்க.”

“இல்ல, நிஜமாவே கலங்கினாங்க.”

“அவங்க கலங்கினது நிஜம். நான் எழுதினது பொய். டில்லிபாபு நல்லா வேலை செய்யற பையன்.”

நிஷா புன்னகைத்தார். “நோட்டீஸ்னு வந்ததும் மேனேஜர்ஸுக்கு இந்தக் குற்ற உணர்ச்சி வரும். ரொம்ப நார்மல். இதுக்குன்னே ஒரு ஹெல்ப்லைன் இருக்கு, நம்பர் தரட்டுமா?”

“நம்பர் வேணாம். எண்ணை மாத்தணும்.”

“நவம்பர் சம்பவம் அவ்வளவு தெளிவா இருக்கே?”

“சர்வர் படுத்தது உண்மை. அதை எழுப்பினதே அவன்தான். பஸ்ல, ஒரு பூக்கூடை மேல வெச்சு.”

“பூக்கூடை ரிவ்யூல இல்லையே?”

“அதை எழுதினா ஒன்று போடணுமே!”

“அப்புறம் ஏன் ஐந்து போட்டீங்க?”

சீட்டுக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். நிஷா கையை உயர்த்தினார். முதன்முறையாக அவர் குரல் மனுஷி குரலாக மாறியது.

“வேணாம், சொல்லாதீங்க. பொய்யா எழுதினேன்னு நீங்க சொன்னா உங்க மொத்த டீமையும் விசாரிப்பாங்க. நான் எதையும் கேக்கலை. சாஃப்ட்வேர்ல திருத்தறதுக்கு ரெண்டே காரணம்தான் இருக்கு. ஒண்ணு, ‘தவறான ஊழியர் தேர்வு’. அதை அழுத்தினா சரியான ஊழியர் யார்னு கேக்கும், டீம்ல வேற பேர் குடுக்கணும். இன்னொண்ணு, ‘மேனேஜரின் மதிப்பீட்டுப் பிழை’. அதைத் தொட்டுடாதீங்க.”

“தொட்டா?”

“பையனுக்கு ரெண்டு ஆயிடும். ஐந்து உங்க பேர்ல ஏறிடும்.”

தொடவில்லை. நேராக மேல்மாடிக்கு, என் பாஸ் ஸ்ரீஹரியிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நாலு தலைமுறையாக மயிலாப்பூர். மேஜைக்குப் பின்னால் பேயடித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

“உங்களுக்காவது ஒருத்தரைப் போட்டாச்சு, கே.பி. நான் இன்னும் போடவே இல்லை. எனக்குக் கீழ அஞ்சு மேனேஜர். அதுல ஒரு அஞ்சு வேணும்கறா. எல்லாரும் பெரியவா. ஒருத்தருக்கு போன மாசம்தான் பைபாஸ் ஆச்சு. இன்னொருத்தர் பொண்ணுக்கு இப்பதான் நிச்சயம் பண்ணிண்டு வந்தார். ஆத்துல ரெண்டு நாளா நான் சரியா சாப்பிடறதில்லை.”

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நான் ஏ.சி.யைப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“டில்லிபாபுவுக்குப் பதிலா வேற பேர் குடுங்கோ, உடனே அப்ரூவ் பண்றேன்” என்றார் கடைசியில்.

வேற பேர். வியாழக்கிழமை மாலை மறுபடி அதே டீக்கடை, அதே பெஞ்சு. நிஷா சொன்னதையும் ஸ்ரீஹரி சொன்னதையும் சொன்னேன். அந்த இரண்டாவது காரணத்தை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். டீ சூடாக இருந்தது.

ஸ்வர்ணலதாதான் முதலில் பேசினாள். “என் பேரைப் போடுங்க சார். எங்க அப்பா ரொம்ப சந்தோஷப்படுவாரு. கல்லாவுல வந்து உக்காரு, உக்காருன்னு சொல்லிட்டே இருக்காரு. ஏ.சி. இருக்கு, காபி வரும், ராத்திரி ஒஹாயோ கூப்பிடாது. என்ன குறைச்சல்?”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முதல் சம்பளம் வாங்கிய அன்று அப்பாவிடம் ‘இனிமே கல்லான்னு சொன்னீங்கன்னா நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்’ என்று சொன்னவள் அவள். எங்களுக்கு அல்வா வாங்கிக் கொடுத்துக்கொண்டே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள்.

ஃபராஸ் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். “நான் சொல்லணும்... ஆனா சார், ஜுவேரியா வீட்டுல கம்பெனி பேரைக் கேட்டுத்தான் ஒத்துக்கிட்டாங்க. எங்க அம்மிகிட்ட நான் எப்படி...” அவன் காது சிவந்திருந்தது.

“யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்!” டில்லிபாபு கிளாஸை பெஞ்சில் டக்கென்று வைத்தான். “நான் எட்த்த சீட்டு. எங்கம்மா கைல சீட்ட எட்த்துட்டு, ஐயோ வேணாம்னு திருப்பிக் குடுத்தவன் எங்க தெருவுல ஒருத்தன் கெடையாது. நான்தான் மொதல்ல ஆரம்பிச்சி வெச்சேன், நானே ஓடிப்போனா நல்லாவா இருக்கும்? அக்கா பேர போட்டுட்டு எனுக்கு அந்த வேலய குடுத்தீங்கன்னு வெய்யி, நான் அத்த செய்யமாட்டேன். சொல்டேன்.”

“டில்லி...”

“விடு சார். பஸ்ஸுக்கு டைம் ஆவுது.”

போய்விட்டான். டீக்குக் காசுகூடக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

மந்தைவெளியில் என் வீட்டில் செண்பகம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தி. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கதைகளை முழுசாகப் படித்த ஒரே வாசகி. ‘இன்னும் கொஞ்சம் சுருக்கலாம்’ என்பதைத் தாண்டி எதுவும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். இரண்டாவது காரணத்தையும் சொன்னேன். அவளிடம் மறைத்தால் எப்படியும் மார்க் குறையும்.

சிவப்புப் பேனாவை நிறுத்தாமல் கேட்டாள். “முறைன்னா எல்லாருக்கும்தானே வரணும்?”

“நான் அவங்களுக்கு எண் போடறவன். எனக்கு நானே எப்படி...”

“அதான் இப்ப வழி சொல்லிட்டாங்களே.”

“எனக்கு வீட்டுக் கடன் இருக்கு செண்பகம். எங்க சட்டப்படி முறை தள்ளிப்போகணும்.”

“கடன் தையில முடிஞ்சுது. நீங்கதான் பேங்க்லேர்ந்து பத்திரத்தை வாங்கிட்டு வந்து சாமி படத்துக்கு முன்னாடி வெச்சு விழுந்து கும்பிட்டீங்க.”

“சரி. விசா?”

“உங்களுக்கா?”

வாயைத் திறந்தேன். மிச்சமிருந்தது ஒரே விலக்குதான். செண்பகம் அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “கேளுங்க, கேட்டுடுங்க. கல்யாணம் ஏதாவது இருக்கா?”

எங்கள் மகனுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த வயதில் ‘கூப்பன் பார்த்துக்கொள்வேன்’ என்று எந்த வாசலில் போய் நிற்பது? அவளுக்கும் அது தெரியும். விடைத்தாள் கட்டை மெதுவாக அடுக்கினாள்.

“என் சம்பளம் இருக்கு. பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ப் பாப்பாவுக்கு வளையல் போட்டுட்டு வந்தோமே, அந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. நாளைக்கு அவங்களை எங்கயாவது பார்த்தா நான் முகத்தை எங்க வெச்சுக்கறது?”

இதை வீரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை வரை நான் வேறு அதிசயம் நடக்கும் என்று காத்திருந்தேன். அமெரிக்கப் பெரியவர் மனம் மாறலாம். மின்சாரம் போகலாம். ஐந்தரைக்கு வேறு வழியில்லாமல் சாஃப்ட்வேரைத் திறந்தேன். ஒரு கண் கடிகாரத்தில் இருந்ததால் முதலில் ‘தவறான ஊழியர் தேர்வு’ அழுந்திவிட்டது. சரியான ஊழியர் என்ற இடத்தில் ஸ்வர்ணலதாவின் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது. பதறிப்போய் பின்னால் போக முயன்றேன். சக்கரம் சுற்றியது. அது சுற்றிய நேரத்தில் எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் கபாலீஸ்வரரில் தொடங்கிக் கூப்பிட்டுவிட்டேன். கடைசியில் பழைய பக்கம் வந்தது. இரண்டாவது காரணத்தை அழுத்தினேன்.

‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. இத்தனை வருடத்தில் இந்தக் கம்பெனி என்னிடம் அக்கறையாகக் கேட்ட ஒரே கேள்வி. ஆம் என்றேன்.

ஸ்ரீஹரியின் போன் உடனே வந்தது.

“கே.பி.! என் வயத்துல பாலை வார்த்தேள்!”

பிறகுதான் அவருக்கு உறைத்தது. “ஐயோ, சாரி. நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது.”

“பரவாயில்லை ஸ்ரீஹரி. நல்லா சாப்பிடுங்க இன்னிக்கு.”

“இன்னொண்ணு. கேக்கவே கூச்சமா இருக்கு. ஐந்துன்னா காரணம் எழுதணும். எனக்கு ரெண்டு வரிக்கு மேல வராது. உங்களோடதுதான் இப்போ மாதிரியாவே சுத்திண்டிருக்கு. ராத்திரி ஒன்பதுக்குள்ள நீங்களே எழுதி அனுப்பிடறேளா?”

சட்டப்படி அன்று மாலை பட்டினப்பாக்கம். கடற்கரையோர மீன்கடையில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலில் லேப்டாப், சுற்றி நாங்கள். விஷயம் தெரிந்ததிலிருந்து டில்லிபாபு என்னோடு பேசவில்லை. வஞ்சிரம் வரும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வெடித்தான்.

“யாரு சார் கேட்டா உன்ன? நான் கேட்டனா? ஊட்டாண்ட வந்து எங்கம்மாவாண்ட நீயே சொல்லு, நான் சொல்லமாட்டேன். ரெண்டு மாசத்துல ஊட்டுல குந்திகினு இன்னா பண்ணுவ? கத எழுதுவியா?”

“அதைச் சொல்லித்தான் எங்க வீட்டுலயும் பயப்படறாங்க.”

ஃபராஸ் என் தோளில் கைவைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். ஸ்வர்ணலதா மூக்கை உறிஞ்சிவிட்டு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “சரி, அழுது என்ன பண்ண? ஒன்பதுக்குள்ள அனுப்பணுமாம். சார்கிட்ட என்னென்ன குறை, சொல்லுங்க.”

“மூணு வார்த்தைல முடியற மெயிலுக்கு ‘பணிவான நினைவூட்டல்’னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம் எழுதுவாரு” என்றான் ஃபராஸ்.

“முடிவெடுக்க மாட்டாரு. டீயா காபியான்னு கேட்டாக்கூட நம்ம மூணு பேரையும் கேப்பாரு” என்றாள் ஸ்வர்ணலதா.

“நமக்கு வந்த திட்டையெல்லாம் அவரே வாங்கிட்டு வந்து, நம்மகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாரு. தகவல் பரிமாற்றம் சரியில்லைன்னு போடு.” இது மறுபடி ஃபராஸ்.

ஸ்வர்ணலதா எல்லாவற்றையும் தட்டினாள். சாஃப்ட்வேர் சிவப்பு காட்டியது. ‘எதிர்மறைச் சான்று போதவில்லை. இந்த விவரங்கள் ஐந்து என்ற மதிப்பீட்டை ஆதரிக்கவில்லை.’

நான் திருத்தினேன். மறுபடி சிவப்பு. என்னைப் பற்றி நானே ஒரு நல்ல பொய்கூடச் சொல்ல முடியவில்லை. இருபது வருட எழுத்துப் பயிற்சி, எனக்கு மெய்யாகத் தேவைப்பட்ட ஒரே நாளில் காலை வாரிவிட்டது.

“தா இங்க” என்று டில்லிபாபு எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைப் பிடுங்கினான். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. வேகமாகத் தட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. ‘மிகத் தெளிவான மதிப்பீடு’ என்று பாராட்டும் வந்தது.

எட்டிப் பார்த்தேன். அவனைப் பற்றி நான் எழுதிய மதிப்பீட்டை முழுசாக எடுத்து ஒட்டியிருந்தான், நடுவில் அதே வரி. ‘நவம்பரில் நேர்ந்த நெருக்கடியின்போது மேலிடத்துக்கு உரிய நேரத்தில் தகவல் தெரிவிக்கத் தவறினார்.’

“டில்லி, அது என் வரி.”

“தெரியும் சார். நல்லா எழுதிகீற. அதான் ஒண்ணும் மாத்தல.”

“கடைசி பத்தியில ஒரு இடம் மட்டும் கொஞ்சம்...”

அவன் அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டு லேப்டாப்பை மூடினான். தட்டிலிருந்த மீன் தலையை இரண்டு விரலால் எடுத்து என் தட்டில் வைத்தான்.

“தின்னு சார். முள்ளு பாத்து.”